இம்மாதச் சிறந்த கருத்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

குழாய்க் கடைச் சம்பந்தி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் உடலில் நோவும் மனதில் கவலையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். மற்றதைப் பற்றித்தான் கடிதம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு ஃபோனை எடுப்பது என் மகள். அவள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். வெயில் அதிகமா, மழை வருமா என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். இதற்குள் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பாள். நேரில் வரலாமென்றால் உங்கள் தெருவில் நடந்துவர முகமில்லை. போதாததற்கு, புகார் கொடுத்தவர் வீட்டில் புகாருக்கு ஆளானவன் போய் உட்கார்ந்து காபி குடிக்கலாமா கூடாதா என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும், வாயைத் திறந்தால் அவர் அதற்கும் கட்டணம் போடுவார். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன், தாங்கள் அறிவீர்கள். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எதிர்க் கடைக்காரரால் வந்தது. அவர் கண்ணாடிக் கதவு போட்டார், நானும் போட்டேன். ஏசி வைத்தார், நானும் வைத்தேன். பிறகு வெப்சைட் வைத்தார். அது என்ன, எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல், பக்கத்துக் கட்டட மாடியில் பிரிண்டருக்கு மை நிரப்பும் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு, எதிர்க் கடைக்காரர் வைத்ததைவிட ஒரு சுற்றுப் பெரிதாக எனக்கும் ஒன்று வைக்கச் சொன்னேன். அவர் பாதி வேலையில் வந்து நின்றார்.

"அண்ணே, மேலாளர்னு ஒரு பேர் கேக்குது. யார் பேரைப் போடட்டும்?"

"கடை யாருது?"

"உங்களுது."

"அப்புறம் என்ன கேள்வி?"

நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே என்று அவர் மறுபடியும் இழுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சம்பந்தி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. தோளில் பைப் சுமந்த காலத்தில் என்னை 'ஏய் பைப்பு' என்று கூப்பிட்டார்கள். கடை வைத்த பிறகு முதலாளி என்றார்கள். மேலாளர் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை, அதற்குப் படித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'இணையதள மேலாளர்' என்று பொன் எழுத்தில் அட்டை அடித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். தாங்களும் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அது இப்போது புகாரோடு சேர்த்துக் குண்டூசி குத்தப்பட்டு இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கிறது. வருத்தமில்லை. அட்டை அடித்ததே நாலு பேர் பார்க்கத்தானே.

வெப்சைட்டில் வாடிக்கையாளர் கருத்து எழுத ஒரு பெட்டி உண்டு. எதிர்க் கடைக்காரர் பெட்டி நிரம்பி வழிந்தது, நம்முடையது துடைத்துவைத்த மாதிரி காலியாகக் கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கருத்து எழுதும் ஒவ்வொருவருக்கும் தள்ளுபடிக் கூப்பன் என்று அறிவிக்கச் சொன்னேன். "என்ன எழுதினாலுமாண்ணே?" என்றார் கம்ப்யூட்டர்காரர். "என்ன எழுதினாலும்தான். கடைக்குள்ள வர்றவன் வாயைப் பாத்தா வியாபாரம் பண்றோம்? கையைத்தானப்பா பாக்குறோம்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டேனா? எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை, ஆனால் உட்கார்ந்து சொல்ல எனக்கு நேரமில்லை என்றேன். மிஷினே சொல்லும் என்றார். என்ன சொல்லட்டும் என்று கேட்டார். இத்தனை வருஷம் கவுன்ட்டரில் நின்று கற்றது ஒன்று உண்டு சம்பந்தி. சண்டைக்கு வருகிறவனிடம் 'நீங்க சொல்றது ரொம்பச் சரி' என்று சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும், மீதிக் கோபத்தில் அவன் இன்னொரு குழாய் வாங்கிக்கொண்டு போவான். ஆகவே நானே வாசகம் சொன்னேன்: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தாங்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். மீண்டும் வருக. இப்படிக்கு, மேலாளர்.' இந்த வாசகத்தை வக்கீலிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி நிரம்பியது. ஆனால் ஒரு குழாயைப் பற்றி மனிதன் எவ்வளவுதான் எழுதுவான்? திறந்தால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது என்று எழுதினார்கள். அதற்கு மேல் விஷயம் தீர்ந்துவிட்டது, கூப்பன் ஆசை தீரவில்லை. ஒருவர் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி எழுதினார். ஒருவர் தன் மாமியார் குளியலறைக்குள் போனால் வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று எழுதினார். ஒரு பெரியவர் தன் மகனுக்குப் பெண் தேடுவதாக எழுதினார், அதற்குக் கீழேயே இன்னொருவர் எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள் என்று எழுதினார், இருவருக்கும் கூப்பன் போயிற்று, சம்பந்தம் முடிந்ததாகவும் கேள்வி. எல்லாவற்றையும் நான் முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கடைக்கும் கூட்டம் வந்தது. அந்தச் சூட்டோடு, கூரையிலிருந்து தட்டு மாதிரி தொங்கும் பெரிய ஷவர் ஒன்று வாங்குவாரில்லாமல் தூசி படிந்து கிடந்ததே, அதைத் தள்ளிவிடலாம் என்று, 'இம்மாதச் சிறந்த கருத்து' என ஒரு பரிசு வைத்தேன். எந்தக் கருத்துக்கு அதிகம் பேர் கட்டைவிரல் காட்டுகிறார்களோ அதை மிஷினே எடுத்து, முதல் பக்கத்தில், ஷவரிலிருந்து மழையாகக் கொட்டும் படத்தோடு போட்டுவிடும். நான் எத்தனை விரல் என்று மட்டும் பார்த்தேன். விரல் எதற்கு என்று பார்க்கவில்லை. என் குற்றம் இதுதான் சம்பந்தி, இதற்கு மேல் ஒன்றுமில்லை, இதற்குக் கீழேயும் ஒன்றுமில்லை.

பரிசு பெற்ற கருத்து தங்களுக்குத் தெரியும். எந்த அளவுக்குத் தெரியும் என்பதற்குப் பிறகு வருகிறேன். இருந்தாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. எழுதியவர் தனக்கு 'வறண்ட தொண்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்:

'சுருக்கமாகச் சொல்வதானால், இந்தக் கடையில் வாங்கிய குழாய் அருமை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகுவதற்குத் தண்ணீர் வர வேண்டுமே. தண்ணீர் அலுவலகத்துப் பெரிய பொறியாளர் விடிந்ததும் தன் தெரு வால்வைத் திறக்கச் சொல்லி, அவர் வீட்டுப் புல் குடித்து, அவர் கார் குளித்து, அவர் மீன்தொட்டி நிரம்பிய பிறகுதான் எங்கள் தெருவை நினைப்பார். நினைப்பதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அலுவலகத்தில் மேசைக்கடியில் தலையணை வைத்திருக்கிறார். அதற்கு ரோஜாப்பூ போட்ட உறை. ஐந்து நட்சத்திரம். குழாய்க்கு மட்டும்.'

இதற்குக் கீழே என் நன்றி, என் முழுமையான ஏற்பு, மீண்டும் வருக. இதற்கு மேலே என் மழை.

போலீஸ்காரர் இருவர் வந்தபோது கடையில் கூட்டம். புதிதாகக் குடித்தனம் வைக்கப்போகிற ஒரு ஜோடி, முகம் கழுவும் தொட்டியில் வெள்ளையா நீலமா என்று செல்லச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரிகள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். "இங்க மேலாளர் யாரு?" என்று கேட்டார் மூத்தவர். போலீஸ் நம் கடைக்கு வருவது புதிதல்ல, குடியிருப்புக்குக் குழாய் வாங்க வருவார்கள். ஆகவே நான் எழுந்து நின்று, "நான்தாங்க" என்று சொல்லி, அட்டையையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "சரியாத்தான் வந்திருக்கோம். சட்டையை மாட்டிக்கிட்டு வாங்க" என்றார். சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன், அவருக்கு அது வழக்கமான வாசகம் போலிருக்கிறது. அந்த ஜோடி வெள்ளையும் வேண்டாம் நீலமும் வேண்டாம் என்று நழுவிவிட்டது. வெளியே வந்தால் எதிர்க் கடைக்காரர் வாசலில் நின்று கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவில் ஒரு தூசியும் இல்லை. நான் வண்டியில் ஏறும்வரை துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், சத்தம் போடுகிறவர்களைச் சமாளிப்பதுதானே என் தொழில்.

"இதை எழுதினது யாருங்க?"

"தெரியாதுங்கம்மா. யாரோ வாடிக்கையாளர்."

"எழுதினவர் கிடைக்கலைன்னா மேலாளர் மேல வழக்கு. தெரியுமில்ல?"

"அம்மா, என் கடைச் சுவத்துல எவனோ எழுதிட்டுப் போறான். சுவத்தையா கைது பண்ணுவீங்க?"

"பண்ண மாட்டோம். ஆனா எழுதினவனுக்கு நன்றி சொல்லி, முழுமையா ஏத்துக்கிறேன்னு சொல்லி, பரிசும் குடுக்குற சுவரா இருந்தா, அந்தச் சுவத்தைக் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேணும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா பார்த்ததும் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"அந்த நன்றியை மிஷின் சொன்னதுங்கம்மா."

"மிஷினைச் சொல்லச் சொன்னது?"

"கவுன்ட்டர்ல நாலு பேர் வந்து நிக்கிறாங்க, நாலு விதமாப் பேசுறாங்க. அதுக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுங்களா?"

"பேசுறது அதோட போயிடும். இது இன்னிக்கும் உங்க முதல் பக்கத்துல தொங்குது. மழை வேற கொட்டுது."

உடனே எடுத்துவிடுகிறேன் என்று கம்ப்யூட்டர்காரருக்குப் ஃபோன் போட்டேன். "எடுத்தா தடயத்தை அழிச்சதா ஆயிடும், வச்சிருந்தா பரப்பினதா ஆயிடும், எதுன்னாலும் மேலாளர் சொன்னபடி செய்றேண்ணே" என்றார். மேலாளர் என்ற சொல்லை அவர் அழுத்தின அழுத்தத்தில் நான் ஃபோனை வைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அம்மா, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். ஏட்டு என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிற சாக்கில் வெளியே அழைத்துப்போய், அந்தக் கூப்பன் இன்னும் செல்லுமா என்று கேட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அம்மா மேசையில் இரண்டு காகிதங்களை அருகருகே விரித்து வைத்திருந்தார். ஒன்று அந்தக் கருத்து. இன்னொன்று தண்ணீர் அலுவலகம் கொடுத்த புகார். கீழே கண்காணிப்பாளர் என்று போட்டுத் தங்கள் கையெழுத்து. ஒரு நிமிஷம் எனக்குக் கண் இருட்டியது. பிறகு சமாதானம் செய்துகொண்டேன், பெரிய பொறியாளர் போடச் சொன்னால் கண்காணிப்பாளர் போடாமல் என்ன செய்வார், யார் மேல் என்று பார்த்துப் போடுகிற நிலைமையா அது. ஆனால் சம்பந்தி, புகாரின் முதல் வரியைப் படித்தேன். 'சுருக்கமாகச் சொல்வதானால்' என்று தொடங்கிப் பக்கம் பக்கமாகப் போகிறது. பக்கத்திலிருந்த கருத்தின் முதல் வரியையும் பார்த்தேன். அதுவும் 'சுருக்கமாகச் சொல்வதானால்'.

முதன்முதல் பெண் பார்க்க வந்தபோது தாங்கள் சுருக்கமாகச் சொல்வதானால் என்று தொடங்கியதும், போட்ட காபி ஆறிப்போனதும், திரும்பச் சுட வைத்துக் கொண்டுவந்ததும், அதுவும் ஆறியதும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அந்தச் சொல்லை அப்படி அச்சுப் பிசகாமல் வாக்கியத்தின் தலையில் வைக்கிற மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். தலையணை மேசைக்கடியில் இருப்பதும், அதன் உறையில் ரோஜாப்பூ இருப்பதும் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே இவன் வாங்குவான், இவன் விலை கேட்டுவிட்டுப் போவான் என்று சொல்லிவிடுகிறவன் நான். ஆளை எடைபோடுவதில் இதுவரை தவறியதில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, எதேச்சையாக வைக்கிற மாதிரி, கருத்தின் முதல் வரி மேல் வைத்தேன். அம்மா அதை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எழுதினது யாருன்னு சொன்னா நீங்க சாட்சியோட போச்சு. சொல்லலைன்னா திங்கட்கிழமை கோர்ட்டுல குற்றவாளிக் கூண்டு. யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு உங்க முகம் சொல்லுது" என்றார்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது, சம்பந்தி. பொய் சொல்வானேன், என் கடை, என் பெயர், எதிர்க் கடைக்காரரின் கண்ணாடிக் கதவு எல்லாம் கண் முன்னே வந்தன. ஒரு பெயரைச் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் தங்களுக்கு ஓய்வு பெறுகிற நேரம். அலுவலகத்துப் புகாரைக் கொடுத்தவரே எழுதியவர் என்று தெரிந்தால் பெரிய பொறியாளர் தங்களை வாசற்படி தாண்ட விடுவாரா? அதன் பிறகு என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? அவளைப் பார்க்கும்போதெல்லாம், இவளுடைய அப்பன்தானே காட்டிக்கொடுத்தவன் என்று சுவரெல்லாம் சொல்லுமே. "தெரியாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வியாபாரி. ஆனால் லாபமில்லாமல் நான் சொன்ன முதல் பொய் அது.

அதன் பிறகு கடையில் உட்கார முடியவில்லை. யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. வாடிக்கையாக வரும் மேஸ்திரி வாஷர் வாங்கிக்கொண்டே, "முதலாளி, உள்ள போனா அங்க குழாய் வேலை இருக்கான்னு பாத்து வைங்க, ஒப்பந்தம் எடுத்துரலாம்" என்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. எதிர்க் கடைக்காரர் என் கதியைப் பார்த்து, மரியாதைக்காக, தன் வெப்சைட்டில் கருத்துப் பெட்டியை மூடிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் என் மனைவி நேற்றுத்தான் கேட்டாள்.

"எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

"தெரியுமா?"

"நம்ம குடும்பத்து ஆளுதான். வெளிய விட்டா அசிங்கம். நானே சுமந்துக்கிறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். சம்பந்தி வீட்டு மானத்தை நினைத்துக் கலங்குகிறாள் என்று எனக்கும் அழுகை வந்தது.

இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தங்கள் மேல் கோபம் இல்லை. அந்த மாதிரி ஒரு அதிகாரிக்குக் கீழே இத்தனை காலம் குப்பை கொட்டிய எவனுக்கும் ஒருநாள் தொண்டை வறளத்தான் செய்யும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூப்பனை வீட்டுக்கே அனுப்பியிருப்பேன், எழுதித்தான் வாங்க வேண்டுமா என்ற ஒரு சிறு வருத்தம் மட்டும் உண்டு. அதை விடுங்கள். கோர்ட்டில் நான், ஆமாம் நான்தான் மேலாளர், படிக்காமல் நன்றி சொன்னேன், என் மேல் தப்பு என்று சொல்லிவிடுகிறேன். தாங்கள் அலுவலகத்தின் சார்பில் எனக்கெதிராகச் சாட்சி சொல்ல வருவீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், கூண்டில் ஏறியதும் 'சுருக்கமாகச் சொல்வதானால்' என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். மாஜிஸ்திரேட் கையில் அந்தக் கருத்து இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பார்க்கப் படிப்புக்கூட வேண்டாம், காது இருந்தால் போதும். வீட்டில் சம்பந்தியம்மாவைக் கேள்வி கேட்கச் சொல்லி, ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் மூச்சு முட்டும், போகப் போகச் சரியாகிவிடும். தலையணைப் பேச்சு வந்தால் தயவுசெய்து கூரையைப் பாருங்கள். பரிசு ஷவரை இப்போது கேட்டு யாரையும் அனுப்ப வேண்டாம். வழக்கு அடங்கிய பிறகு, பெயர் எழுதாத பெட்டியில் நானே அனுப்பிவைக்கிறேன்.

நான் உள்ளே போகும்படி ஆனால் கடையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். யார் என்ன சொன்னாலும் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முழுமையாக எதையும் ஏற்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். என் மகளிடம் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள், எங்கே என்று சொல்ல வேண்டாம். வயதில் தங்களுக்கு மூத்தவன் என்ற ஒரே உரிமையில் தங்கள் குடும்பம் நிறைவாக வாழ வாழ்த்தி, வெட்கத்தோடு முடிக்கிறேன்.

தங்கள் சம்பந்தி,
முன்னாள் மேலாளர்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை ஒட்டப் பசை கேட்டேன். என் மனைவி பசையோடு வந்து, யாருக்குக் கடிதம் என்று பார்த்து, கையிலிருந்து பிடுங்கி, நின்றபடியே கடைசி வரை படித்துவிட்டாள்.

"எதுக்கு அந்த மனுஷரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? அதை எழுதினது நான்."

"நீயா?"

"நான்தான்."

"கூப்பனுக்கா?"

சம்பந்தி, அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

"ஊருக்கெல்லாம் குழாய் விக்கிறீங்க. நம்ம வீட்டுக் குழாயில தண்ணி வருதா, வரலையான்னு ஒருநாளாவது திறந்து பாத்தீங்களா? தெருமுனைப் பம்புல வரிசையில நின்னு குடம் குடமாத் தூக்கிட்டு வர்றேன். அதுலதான் நீங்க குளிச்சிட்டுப் போய்க் குழாய் விக்கிறீங்க. சொன்னா, 'ம், பாக்கலாம்'னு கணக்கு நோட்டைத் திருப்புறீங்க. வாடிக்கையாளர் சொன்னாத்தானே உங்களுக்குக் காது கேக்கும்? அதான் எழுதினேன்."

"அதுக்கு நான் நன்றி சொன்னேனே."

"சொன்னீங்க. நான் சொன்னதை முழுமையா ஏத்துக்கிறேன்னும் சொன்னீங்க. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அதான் முதல் தடவை. மிஷின்னு தெரியாம நான் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

எழுந்துபோய் அடுக்களைக் குழாயைத் திறந்தேன். நம் கடைச் சரக்குதான், நல்ல பளபளப்பு. வெறும் காற்று மட்டும் வந்தது.

பிறகு கேட்டேன், அந்தத் தொடக்கச் சொல்லை ஏன் போட்டாய் என்று. "சம்பந்தி அப்படித்தானே ஆரம்பிப்பாரு. படிச்சவங்க எழுத்துன்னா அப்படி இருந்தாத்தான் மதிப்புன்னு நினைச்சேன்" என்றாள். தலையணை? "சம்பந்தி சாப்பிடும்போது வீட்டுல சொல்லிச் சிரிச்சாராம். நம்ம மக ஃபோன்ல சொன்னா." இதைப் பற்றி என் மகளிடம் தாங்கள் எதுவும் கேட்க வேண்டாம். நான் சொன்னதாக நிச்சயம் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவள் என்னோடு கோர்ட்டுக்கு வருகிறாள். எழுதியது நான்தான், இவர் படிக்கவே இல்லை, எதையுமே படிக்க மாட்டார், கேட்கவும் மாட்டார் என்று சொல்லப்போகிறாளாம். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்க பாத்த லட்சணம் தெரியாதா? பொய் ஒண்ணும் எழுதலை. இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டு ஆளே பம்புல எனக்கு முன்னாடி நிக்குது" என்கிறாள். ஜெயிலைவிட அவள் கூண்டில் ஏறி என்னைப் பற்றிச் சொல்லப்போவதை நினைத்தால்தான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. அவள் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை, நானும் அங்கே நின்று கேட்க வேண்டும், இந்தத் தடவை மிஷினும் இல்லை.

இவ்வளவையும் மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றாக எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போட வியாபாரி மனம் வரவில்லை. ஆகவே இதையே அனுப்புகிறேன். தாங்கள் பெரிய மனது பண்ணி, தொடக்கத்தில் நலம் கேட்டதையும் முடிவில் வாழ்த்தியதையும் மட்டும் நான் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தங்களைப் பற்றி வந்திருப்பதெல்லாம் ஒரு வாசகரின் கருத்து. அதற்கு இக்கடிதத்தின் மேலாளர் பொறுப்பல்ல.